பழைய எஞ்சின்: ஹீட்டர் ஹோஸை பைபாஸ் செய்யலாமா?

கேள்வி: வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. ஹீட்டர் கோர் (எஞ்சின் சூட்டை வண்டிக்குள் தரும் சின்ன ரேடியேட்டர்) கசிந்து முன் சீட்டுக்குக் கீழே மேட் நனைகிறது, கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஆவி படிகிறது. எஞ்சினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் கழற்றி முனைகளை அடைத்துவிட்டால் போதுமா?

பதில் 1: அடைக்காதீர்கள். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை மூடி வைக்கும் வால்வு) மூடியிருக்கும்போது கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், சுற்றுவதே ஹீட்டர் வழியாகத்தான், அதை அடைத்தால் ஓட்டம் நின்று சிலிண்டர் ஹெட்டில் சூடு ஏறிவிடும். எஞ்சின் பக்கம் இருக்கும் இரண்டு குழாய்களையும் ஒரே ஹோஸால் வளைத்து இணையுங்கள். கூலன்டுக்கான ஹோஸாகவே இருக்கட்டும், சாதாரண தண்ணீர்க் குழாய் சூட்டிலும் அழுத்தத்திலும் உப்பிவிடும். எஞ்சின் நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம்.

பதில் 2: மேலே சொன்னது சரி, ஆனால் இது தற்காலிக ஏற்பாடுதான், ஹீட்டர் இல்லாமல் குளிரிலும் மழையிலும் கண்ணாடியில் படியும் ஆவியை விலக்குவது கஷ்டம். அப்புறம் மற்ற ஹோஸ்களையும் அமுக்கிப் பாருங்கள், கிளாம்ப் அருகே மெத்தென்று இருந்தாலோ உப்பியிருந்தாலோ மாற்றிவிடுங்கள், ரப்பர் உள்ளிருந்தே கெடுவதால் வெளியே பளபளப்பாக இருப்பதை நம்ப முடியாது. ஒட்டிக்கொண்ட ஹோஸை முறுக்கி இழுக்காமல் நீளவாக்கில் கீறி உரியுங்கள், குழாய் முனை உடைந்தால் வேலை பெரிதாகிவிடும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. ஹோஸை மாட்டிய பிறகு உள்ளே சிக்கிய காற்றை எப்படி வெளியேற்றுவது?

பதில் 1: கூலன்டை மெதுவாக ஊற்றி, காற்று நீக்கும் திருகு இருந்தால் திறந்து வையுங்கள், குமிழி நின்று கூலன்ட் சீராக வந்ததும் மூடுங்கள். ஓட்டிப் பார்த்து, ஆறியதும் அளவைச் சரிபாருங்கள். வடித்த கூலன்டைத் திறந்து வைக்காதீர்கள், அதில் பொதுவாக இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், பூனையும் நக்கக்கூடும், இரண்டுக்குமே அது கடும் விஷம்.