பாட்டால் நினைவில் நிற்கும் தொடர் காட்சிகள்: கொஞ்சம் சொல்லுங்களேன்

தொலைக்காட்சித் தொடர்களில் பாட்டு எப்படி ஒரு காட்சியைத் தூக்கி நிறுத்துகிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் வேண்டும்.

2005-இல் முடிந்த 'சிக்ஸ் ஃபீட் அண்டர்' என்ற அமெரிக்கத் தொடரின் கடைசிக் காட்சி மாதிரி. முக்கியப் பாத்திரங்களில் ஒருத்தியான கிளேர் காரை ஓட்டிக்கொண்டே போகிறாள். பாடகி சியாவின் 'பிரீத் மீ' பாட்டு ஒலிக்க, தொடரின் முக்கியப் பாத்திரங்கள் ஒவ்வொருவரின் வருங்காலச் சாவும் வந்துபோகிறது. வசனத்துக்கு வேலையே இல்லை.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் புண்ணியத்தில் பாடகி கேட் புஷ்ஷின் 1985 பாட்டு 2022-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது எல்லாருக்கும் தெரிந்த கதை, அது வேண்டாம். சோகக் காட்சியில் குதூகலமான பாட்டு, அல்லது பாட்டு சட்டென்று அறுந்து நிற்கும் இடம், இப்படி ஏதாவது தெரியுமா? (பாட்டு நடுவில் அறுந்து நிற்கும் 'சொப்ரானோஸ்' தொடரின் முடிவை ஏற்கெனவே சேர்த்தாயிற்று.)

எந்த மொழியானாலும் சரி. பாட்டு எந்த நொடியில் நுழைகிறது என்பதையும் சொன்னால் பெரிய உதவி.