கதை படித்துப் பதிவு செய்பவருக்கு மைக் வாங்கிக் கொடுக்கலாமா?

பாலாத்துமணல்:
காட்பாடி ஜங்ஷனுக்குப் பின்னால் குடியிருக்கும் நம் 'இரவுக்குரல்', ரசிகர்கள் எழுதிய கதைகளை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்கிறார். வெளிநாட்டில் இதற்குப் பாட்ஃபிக் என்று பெயர். இதுவரை 11 கதைகள், எல்லாமே பொன்னியின் செல்வன் மாந்தர்களை வைத்து நம் ஆட்கள் எழுதியவை. பதிவு செய்வது பழைய ஃபோனில். நந்தினி சபதம் போடும் இடத்தில் ரயில் ஊதுகிறது. ஆளுக்கு நூறு போட்டு ஒரு மைக் வாங்கிக் கொடுத்தால் என்ன?

அகழிமுதலை:
மைக் இருக்கட்டும். இந்தப் 11 கதையில் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டுப் படித்தார்? போன வருடம் என் கதையை யாரோ வீடியோ சேனலில் படித்து, நடுவில் விளம்பரம் ஓடவிட்டார்கள். என் பெயர் எங்கும் இல்லை. முடிவையும் மாற்றியிருந்தார்கள். வயிறு எரிந்தது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை, யாரும் எடுத்தாளலாம். அதை வைத்து நான் எழுதிய வரிகள் நாட்டுடைமை ஆகிவிடவில்லை.

ஆர்மோனியப்பேரன்:
நான் ஆற்காட்டுப் பக்கம். எங்கள் திரௌபதியம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார், ராத்திரி கூத்து. அன்பளிப்பு கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்வார்கள். அந்தக் காசு வில்லிபுத்தூராருக்கா போகிறது? படிக்கிற தொண்டைக்குக் கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கம்தான்.

அகழிமுதலை:
வில்லிபுத்தூரார் உயிரோடு இல்லை. நான் இருக்கிறேன், வேலூர் காகிதப்பட்டறையில். ஒரு மெசேஜ் போட்டால் பதில் சொல்லப் போகிறேன்.

அப்புறம் காசு விஷயம். ரசிகர் கதைகளுக்கென்றே ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்று ஒரு தளம் 2009 முதல் இருக்கிறது, 2019-இல் அறிவியல் புனைவுக்குக் கொடுக்கும் ஹியூகோ விருதே வாங்கியது. அங்கே கதைக்குக் கீழே 'எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்' என்று இணைப்பு வைத்தாலே விதிமீறல். காசு கைமாறாதவரைதான் இது ஆசைக்குச் செய்கிற வேலை என்று நிமிர்ந்து சொல்ல முடியும். எழுதிய நான் ஒரு ரூபாய் பார்த்ததில்லை. படித்தவருக்கு மட்டும் மைக்கா?

காதோரம்:
எனக்குப் பார்வை கிடையாது. ஃபோன் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கில்தான் கதை படிக்கிறேன். அதில் வந்தியத்தேவன் காதல் பேசுவதும் 'அத்தியாயம் நான்கு' என்பதும் ஒரே குரல். ஆழ்வார்க்கடியான் சண்டை போட்டால் ரயில் தாமத அறிவிப்பு மாதிரி இருக்கும். இரவுக்குரல் படித்த பிறகுதான், யார் பேசுகிறார் என்று திரும்பக் கேட்காமல் ஒரு கதையை முடித்தேன். 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, எங்களைப் போன்றவர்களுக்கு லாபமில்லாமல் ஒலிவடிவம் செய்து தர வழிவிட்டிருக்கிறார்கள். அதையும் கணக்கில் வையுங்கள்.

அகழிமுதலை:
உங்களுக்காகச் செய்து உங்களிடம் கொடுத்தால் அந்தத் திருத்தம் பொருந்தும், எனக்கும் சந்தோஷம். ஊருக்கே திறந்துவிட்டால் பொருந்தாது.

கத்திரிவெயில்:
இதற்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. அந்த ஆர்க்கைவ் தளத்தில் எழுதுகிறவர்கள் பலர் அறிமுகப் பக்கத்திலேயே 'என் கதைகளை யாரும் படித்துப் பதியலாம், பெயரும் இணைப்பும் கொடுங்கள்' என்று ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். நம் ஆட்களும் போடலாமே. எழுதிவிட்டு இரண்டு வருடமாகத் தலைகாட்டாதவரை எங்கே போய்த் தேடுவது?

அகழிமுதலை:
நான் போட மாட்டேன். என் பழைய கதைகள் சிலவற்றை நானே திரும்பிப் பார்ப்பதில்லை. எழுத்தாக இருந்தால் ஒருநாள் அழித்துவிடலாம். ஒலிக்கோப்பு வாட்ஸ்அப்பில் ஏறிவிட்டால் பிடிக்க முடியுமா? ஒவ்வொரு கதைக்கும் தனித்தனியாகக் கேட்கட்டும்.

இரவுக்குரல்:
என்னைப் பற்றித்தானே பேச்சு, நானே சொல்கிறேன். பேரணாம்பட்டில் பீடி சுற்றும் அம்மாவுக்காகப் படிக்க ஆரம்பித்தேன். கைக்கு வேலை இருக்கும், காது சும்மா இருக்கும். அம்மாவுக்குப் படிக்க யாரிடம் அனுமதி கேட்பது? அதே பதிவை நெட்டில் ஏற்றியபோது கேட்டிருக்க வேண்டும். 6 பேரிடம் கேட்டேன், 5 பேரிடம் கேட்கவில்லை. தப்புதான்.

நான்காயிரம் சொல் உள்ள கதை நாற்பது நிமிடம் ஓடும். படிக்க இரண்டு மணி நேரம், ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வெட்டி ஒட்ட ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. மே மாதம் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்து படித்திருக்கிறேன். வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இவ்வளவுக்கும் 11 கதைக்கு வந்த பதில்கள் 5. அதில் ஒன்று, 'பழத்தைப் பயம் என்கிறீர்கள்' என்று மட்டும். மைக்கை விட, எந்த இடம் நன்றாக வந்தது என்று ஒருவர் சொன்னால் போதும்.

பாலாத்துமணல்:
அந்த 'பயம்' ஆசாமி நான்தான். மன்னிக்கவும். ஏழாவது கதையில் பூங்குழலி பாடாமல் முணுமுணுத்துவிட்டுப் போன இடத்தை மூன்று தடவை கேட்டேன். அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

ஆர்மோனியப்பேரன்:
பார்த்தீர்களா! சரி, முதலையாரே, ஒன்று கேட்கிறேன். கூத்து ஜமாவின் ஆர்மோனியம் கிழிந்துபோய் ஊரே காசு போட்டுச் சரிசெய்தால், கூத்தை விலைக்கு வாங்கியதாகுமா?

அகழிமுதலை:
ஆகாது. ஆர்மோனியத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை இருக்கும் பக்கத்தில் வசூல் எண் தெரியக் கூடாது. 'இந்தக் கதைக்கு இவ்வளவு' என்ற பேச்சும் வரக் கூடாது. கேட்காத 5 கதைகள் பொதுவில் இருக்கும்வரை நான் சேர மாட்டேன்.

இரவுக்குரல்:
ஐந்தையும் இப்போதே எடுத்துவிட்டேன். அண்ணா, உங்கள் பாலாற்று வெள்ளக் கதையில் ஓடக்காரன் 'தண்ணி வந்துகினு கீது' என்கிறானே, அதைச் சோழர் காலத் தமிழ் மாதிரி இழுத்துப் படிப்பதா, நம் ஊர் மாதிரியே படிப்பதா?

அகழிமுதலை:
அனுமதியே கேட்கவில்லையே?

இரவுக்குரல்:
அதைத்தான் அண்ணா கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அகழிமுதலை:
நம் ஊர் மாதிரி. கடைசி வரியை மாற்றாதீர்கள். ஏற்றுவதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள்.

காதோரம்:
எனக்கும்.

பாலாத்துமணல்:
இதுவரை எழுநூறு ரூபாய் சேர்ந்திருக்கிறது. ஆர்மோனியக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.