புரோட்டாக் (குறிவைத்த புரதத்தைச் செல்லே சிதைக்கும்படி செய்யும் மருந்து) அளவைக் கூட்டினால் பிஆர்டி4 புரதம் திரும்பி வருகிறது, ஏன்?

கேள்வி:
ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) எம்இசட்1 என்ற புரோட்டாக்கைப் போட்டு 24 மணி நேரம் கழித்து வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தின் அளவைப் பேண்டாகக் காட்டும் சோதனை) பார்த்தேன். 100 நானோமோலாரிலும் 1 மைக்ரோமோலாரிலும் பிஆர்டி4 பேண்ட் மங்குகிறது. 10 மைக்ரோமோலாரில் மறுபடி தெரிகிறது. ஆனால் அங்கேயும், பிஆர்டி4 தூண்டிவிடும் மிக் புரதம் குறைவுதான். மருந்து கெட்டுவிட்டதா?

மறுமொழி 1:
மருந்து நன்றாகத்தான் இருக்கிறது. இது ஹுக் எஃபெக்ட், அதாவது அளவு மிஞ்சினால் விளைவு குறைவது. எம்இசட்1-இன் ஒரு முனை பிஆர்டி4-ஐயும் மறுமுனை விஹெச்எல் லைகேஸையும் பிடிக்கும். ஒரே மூலக்கூறு இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் லைகேஸ் நொதி பிஆர்டி4 மேல் யுபிக்விடின் என்ற சிதைவுக் குறியை ஏற்றும், செல்லின் சிதைப்பு இயந்திரமான புரோட்டியசோம் அதைச் சிதைக்கும். அளவு மிஞ்சினால் இரு புரதங்களும் தனித்தனி மூலக்கூறுகளால் நிரம்பிவிடும், மூன்றும் சேராது. 1 நானோமோலாரிலிருந்து மும்மடங்கு இடைவெளியில் ஏற்றுங்கள். மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ எல்லாக் குழிகளிலும் 0.1 சதவீதமே இருக்கட்டும். 24 மணி மட்டும் போதாது, 2, 4, 8 மணியும் எடுங்கள். பிந்திய நேரத்தில் சாகும் செல்களின் கணக்கும் கலந்துவிடும்.

மறுமொழி 2:
மிக் குறைந்ததைச் சிதைவுக்குச் சாட்சியாக வைக்காதீர்கள். எம்இசட்1-இன் ஒரு பாதி ஜேக்யூ1, பிஆர்டி4-ஐப் பிடித்துத் தடுக்கும் மருந்து. பிஆர்டி4 சிதையாமல் இருந்தாலும், அது குரோமாட்டினில் (டிஎன்ஏ-புரதத் தொகுப்பு) ஒட்டுவதை ஜேக்யூ1 தடுத்தே மிக்கைக் குறைத்துவிடும். அதே அளவுகளில் சிஸ்-எம்இசட்1 போடுங்கள். அது பிஆர்டி4-ஐப் பிடிக்கும், விஹெச்எல்லைப் பிடிக்காது. அதிலும் பேண்ட் மங்கினால் உங்கள் பிளாட்டை நம்ப வேண்டாம். கூடவே எம்இசட்1-உடன் ஒரு குழியில், விஹெச்எல் லைகேஸை முடக்கும் எம்எல்என்4924 1 மைக்ரோமோலார், இன்னொரு குழியில் புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி132 10 மைக்ரோமோலார். இரண்டிலும் பிஆர்டி4 மீள வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
எம்ஜி132-ஐயும் 24 மணி நேரம் விடலாமா?

மறுமொழி 2:
கூடாது, செல்கள் செத்துப்போகும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போட்டு, பிறகு எம்இசட்1 சேர்த்து 4 மணியில் அறுவடை செய்யுங்கள்.

மறுமொழி 3:
ஜெல்லையும் கவனியுங்கள். பிஆர்டி4 நீள வடிவத்தின் கணக்கு எடை ஏறத்தாழ 152 கிலோடால்டன், ஆனால் ஜெல்லில் 200-க்கு மேலே நிற்கும். 10 சதவீத ஜெல்லில் உச்சியிலேயே சிக்கிக்கொள்ளும். 3–8 சதவீத டிரிஸ்-அசிடேட் ஜெல் எடுத்து, குளிர் அறையில் 30 வோல்ட்டில் இரவு முழுக்க ஈர டிரான்ஸ்ஃபர் (புரதத்தை ஜெல்லிலிருந்து மெம்பிரேனுக்கு மாற்றுவது) செய்யுங்கள். அவசர செமி-டிரையில் பெரிய புரதம் பாதிதான் மெம்பிரேனுக்கு வரும், அதையே சிதைவு என்று எண்ணிவிடுவோம். ஒப்பீட்டுப் புரதமாகச் சிறிய ஜிஏபிடிஹெச் வேண்டாம். வின்குலின் எடுங்கள்; அது 117 கிலோடால்டன், பெரிய புரதங்களின் டிரான்ஸ்ஃபர் சரியாக நடந்ததா என்பதையும் ஓரளவு காட்டிக்கொடுக்கும்.