நாலாவது புத்தகத்தை எப்போது கையில் கொடுத்தீர்கள்?

பாளையங்கோட்டை அம்மா:

என் மகனுக்கு மாசியில்தான் ஒன்பது முடிந்தது. ஹாரி பாட்டர் முதல் புத்தகத்தை நான் தமிழில் வாசித்துக் காட்டினேன். அப்புறம் பொறுக்கமாட்டாமல் அவனே ஆங்கிலத்தில் தாவிவிட்டான். மூன்று முடித்துவிட்டு முழுப் பரீட்சை லீவில் நாலாவதைக் கேட்டு ஒரே நச்சரிப்பு. அதன் கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நல்ல பையன், ஒரு தப்பும் செய்யாதவன், கண் மூடித் திறப்பதற்குள் செத்துப்போவான். "பத்து முடியட்டும், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டேன்.

ஒருநாள் காலையில் சாமிக்குப் பூ மாற்றப் போனேன். முருகன் படத்துக்கும் திருநீற்று மரவைக்கும் நடுவில் 636 பக்கத் தடிப் புத்தகம் உட்கார்ந்திருக்கிறது. மைனி வீட்டில் அவள் மகளிடம் இரவல் வாங்கி வந்திருக்கிறான். கோபத்தோடு எழுப்பினால், தூக்கக் கலக்கத்தில் சொல்கிறான்: "ராத்திரி அது என் ரூம்ல இருக்க வேண்டாம்மா. இங்கன இருந்தா முருகன் பாத்துக்கிடுவாரு. காலைல எடுத்துக்கிடுதேன்." நான் தடை போட்டிருந்தது அவனுக்கு ஞாபகமே இல்லை. அவ்வளவு பயம்.

பிடுங்கவில்லை. மீதியை அப்படியேதான் படித்து முடித்தான். ராத்திரி எட்டரை ஆனால் புத்தகம் முருகனிடம் போய்விடும். நான் பயந்துகொண்டிருந்த அந்தச் சாவைப் பற்றி அவன் பேசவே இல்லை. கேட்டதெல்லாம் இதுதான்: "அந்த அண்ணனோட அப்பா வந்துருந்தாருல்லா, அவருகிட்ட போயி யாரும்மா சொன்னா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் வயசை எண்ணிக்கொண்டு இருந்தேன், அவன் வேறு எதையோ வைத்துச் சமாளித்துக்கொண்டான். உங்கள் வீட்டில் எப்படி? நடந்ததைச் சொல்லுங்கள், அறிவுரை வேண்டாம்.

நூலகத்தில் பதினாலு வருடம்:

முருகனிடம் ஒப்படைத்தது பிரமாதம். என் மேசைக்கு வரும் பிள்ளைகளும் கிட்டத்தட்ட இதையேதான் செய்வார்கள், என்ன, புத்தகத்தை என்னிடம் ஒப்படைப்பார்கள். நேற்று எடுத்த புத்தகம் இன்றைக்கே திரும்பி வரும். "படிச்சாச்சா?" என்றால், "இல்ல மிஸ், அம்மாவுக்குப் பிடிக்கல." அம்மா அதைக் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டார். நான் துருவிக் கேட்பதில்லை, வேறு ஒன்றைக் கொடுத்து அனுப்புவேன். எந்தப் பக்கத்தில் ஓரம் மடங்கியிருக்கிறது என்று மட்டும் பிறகு பார்த்துக்கொள்வேன். ஏழெட்டு மாதம் கழித்து அதே பிள்ளை அதே அலமாரி முன்னால் வந்து நிற்கும்.

வயசு பற்றிச் சொன்னீர்கள். டோல்கியன் எழுதிய ஹாபிட் என்ற சிறுவர் கதையின் கைப்பிரதியை 1936ல் பதிப்பாளர் தன் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலிக்குக் கருத்து எழுதச் சொன்னார். அவன் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டு, ஐந்திலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றும் சேர்த்துவிட்டான். தான் பத்து அல்லவா! அடுத்த வருடம் புத்தகம் வந்தது. இன்றைக்கும் பத்து வயதுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான், எதைக் கொடுத்தாலும் "இது சின்னப் பசங்களுக்கு" என்பார்கள். ஆனால் அவன் சொன்ன ஐந்து வயதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், பெரிய சிலந்திகள் வருகிற கதை அது.

இன்னொன்றும் கவனித்தேன். ஹாரி பாட்டர் முதல் புத்தகம் 1997ல் வந்தது, ஏழாவது 2007ல். அப்போது பதினொரு வயதில் ஆரம்பித்த பிள்ளை கடைசியை முடிக்கும்போது இருபத்தொன்று. காத்திருந்த வருடங்களில் அதுவும் வளர்ந்துவிட்டது. இப்போது ஏழும் ஒரே தட்டில் இருக்கிறது. ஒரு கோடை லீவில் மொத்தத்தையும் முடித்துவிடுகிறார்கள். முதல் புத்தகம் தாங்குகிற பிள்ளைக்கு ஏழாவதும் தாங்கும் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

கோவை, ஒரே மகள்:

நான் ஏமாந்தது புத்தகத்தின் ஒல்லி உடம்பைப் பார்த்து. கோரலைன் என்று ஒரு கதை, 2002ல் வந்தது. கையடக்கமாக இருக்கிறது, உள்ளே பூனை எல்லாம் வருகிறது, மகளுக்கு எட்டு வயது, சரி போகட்டும் என்று பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தேன். அதில் ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு அம்மா இருக்கிறாள். நல்ல சாப்பாடு போடுவாள், கண் இருக்கும் இடத்தில் மட்டும் இரண்டு பொத்தான். அங்கேயே இருக்கவேண்டுமென்றால் உன் கண்ணிலும் பொத்தானைத் தைக்கிறேன் என்பாள்.

எங்கள் வீட்டில் அம்மாயிதான் துணி தைப்பவர். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் பொத்தானாகவே சேர்த்து வைத்திருப்பார். டப்பா காணாமல் போனது. நாலு நாள் தேடி, கடைசியில் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடைத்தது. அம்மாயி ஊசியில் நூல் கோத்தாலே இவள் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஒரு ராத்திரி என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணை உற்றுப் பார்த்தாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நூலக மேடம் சொல்வதில் எனக்கு ஒரு சின்ன மாறுபாடு உண்டுங்க. இவளும் பயந்ததும் புத்தகத்தை மூடிவிட்டாள்தான். ஆனால் பாதியில் மூடியதால் அந்த அம்மா இவள் மனசில் அப்படியே நின்றுவிட்டாள், தோற்கவே இல்லை. நான் ஒரே ராத்திரியில் முழுசையும் படித்து, மறுநாள் பருப்பு தாளித்துக்கொண்டே முடிவைக் கதையாகச் சொன்னேன்: அந்தப் பெண் எப்படி ஏமாற்றிவிட்டுத் தப்பி வருகிறாள், பின்னாடியே வரும் கையைக் கடைசியில் எப்படிக் கிணற்றுக்குள் தள்ளுகிறாள் என்று. "கிணத்துலயா? எவ்வளவு ஆழம்?" என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டாள். அன்று ராத்திரி தனியாகப் படுத்தாள். மீதியை இன்னமும் அவளாகப் படிக்கவில்லை.

டொராண்டோ அப்பா:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், தொண்ணூறுகளில் அங்கேயே பள்ளிக்கூடம் போனவன். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளாகவே வாசிப்பாள் என்றாலும் இரவில் அரை மணித்தியாலம் நான் வாசித்துக் காட்டுவது எங்களுக்கு ஒரு பழக்கம். ஏழாவது புத்தகத்தைத் தொடங்கும்போது, உனக்கு இது பாரமாக இருந்தால் உடனே சொல்லு என்று அவளிடம் சொல்லி வைத்தேன்.

கதையிலே ஹாரியும் கூட்டாளிகளும், மூன்று பேரும் காட்டிலே கூடாரத்தில் ஒளித்திருக்கிறார்கள். கள்ள வானொலியைத் திருகித் திருகிப் பிடிக்கிறார்கள். அதிலே கொல்லப்பட்ட ஆட்களின் பெயரைச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. எங்கள் வீட்டில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிட்டு வைத்து, அண்ணா பெடலைக் கையால் சுத்த, டைனமோவிலே ரேடியோ கேட்டிருக்கிறோம். பெயர் வாசிக்கும்போது அம்மா கையைக் காட்டினால் நாங்கள் மூச்சும் விடமாட்டோம். அண்ணா மட்டும் சுத்திக்கொண்டே இருப்பார்.

"ஏனப்பா நிப்பாட்டிட்டீங்கள்?" என்று கேட்டாள். தொண்டை சரியில்லை என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, புத்தகத்தை என் கையிலிருந்து எடுத்து அவளே சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். அன்றிலிருந்து முடியும்வரை அவள்தான் வாசித்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழாம் வகுப்பு மிஸ்:

சுருக்கமாக ஒன்று. ஐந்தாவது புத்தகத்தில் இளஞ்சிவப்பு உடை போட்ட ஓர் ஆசிரியை வருவார். தண்டனையாக வரி எழுதச் சொல்வார், எழுதுகிற ஒவ்வொரு எழுத்தும் எழுதுபவனின் புறங்கையில் ரத்தமாகக் கீறும். என் வகுப்புப் பையன் ஒருவன் டிராகன், சவம், பாம்பு எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே படித்தவன், அங்கே நின்றுவிட்டான். ஏன்டா என்றேன். "டிராகன் நம்ம ஊர்ல இல்லையே மிஸ்" என்றான். இரண்டு நாள் கழித்து, அவன் போகும் டியூஷனில் ஸ்கேலின் விளிம்பால் விரல் மொட்டியில் அடிக்கிறார்கள் என்று சொன்னான். வீட்டில் பேசி டியூஷனை நிறுத்தியாயிற்று. புத்தகம் படிக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பானா, தெரியவில்லை.

திருவையாறு தாத்தா:

எங்களிடம் யார் வயசு கேட்டார்கள்? அம்புலிமாமா 1947ல் ஆரம்பித்தது. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து மாதாமாதம் விக்கிரமாதித்தன் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சுடுகாட்டு வழியே நடந்துகொண்டுதான் இருந்தான். சங்கர் போட்ட அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே முறுக்குத் தின்றவர்கள் நாங்கள். இந்தக் காலத்துப் பெற்றோர்தான் பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறீர்கள்.

(உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், பன்னிரண்டு வயது வரைக்கும் ராத்திரியில் கொல்லைப்பக்கம் போக என் அக்காவை எழுப்புவேன். அக்கா இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

பாளையங்கோட்டை அம்மா:

தாத்தா, உங்கள் அக்காவிடம் யாராவது சொல்லிவிடப் போகிறார்கள்.

டொராண்டோ அண்ணன் எழுதியதை மகனிடம் சொன்னேன். சைக்கிளைத் தலைகீழாக வைத்தால் ரேடியோ பாடுமா என்று கேட்டுவிட்டு, நேரே வாசலுக்குப் போய் அவன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பார்க்கிறான். சாவுப் பட்டியலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஸ்கேல் விஷயத்தைப் படித்ததிலிருந்து, ஐந்தாவதை நானும் கூடவே படிப்பது என்று முடிவு. 766 பக்கம். சாமி ஷெல்ஃபில் அது நிற்காது என்று நேற்றே ஸ்கேலை வைத்து அளந்து பார்த்துவிட்டான். அம்மன் படத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கலாமா என்று கேட்கிறான்.