மறு: நிரந்தர ஆதரவு வீட்டுவசதி - வேறு சொல் உண்டா?

> 'பெர்மனென்ட் சப்போர்ட்டிவ் ஹவுசிங்' = நிரந்தர ஆதரவு வீட்டுவசதி. 'க்ரானிக்' வீடின்மைக்கு 'நெடுங்கால வீடின்மை'. இப்படியே வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, வணக்கம்.

வீடற்றோருக்கு வாடகை வீட்டையும் வேண்டிய உதவியையும் சேர்த்துத் தரும் ஏற்பாட்டுக்கு இந்தப் பெயர் சொல்லுக்குச் சொல் சரிதான். நேற்று அக்காவிடம் படித்துக் காட்டினேன். "யாருக்கு ஆதரவு?" என்று கேட்டாள். நமக்கு அந்தச் சொல் ஒன்று தேர்தலில் வரும், இல்லையென்றால் ஆதரவற்றோர் இல்லத்தின் பெயர்ப்பலகையில் வரும். பின்னதுதான் எனக்கு உறுத்துகிறது. அப்படிப்பட்ட இல்லங்களுக்கு மாற்றாக வந்த ஏற்பாட்டுக்கு அதே வாடையடிக்கும் பெயரா?

காப்பகத்தில் கட்டில் காப்பகத்துடையது. இந்த ஏற்பாட்டில் வாடகை ஒப்பந்தம் குடியிருப்பவர் பெயரில், சாவி அவர் சட்டைப்பையில். பார்க்க வரும் சமூகப் பணியாளர் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்க வேண்டும். மனநல சிகிச்சை, போதையிலிருந்து மீள உதவி எல்லாம் உண்டு. வேண்டாமென்று சொன்னாலும் வீடு போகாது. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய 'முதலில் வீடு' முறையின் அடிப்படை இது. அதுவரை, குடியை விட்டுக் காட்டு, மருந்து சாப்பிட்டுக் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். பின்லாந்தில் 2008 முதல் பழைய தங்குவிடுதிகளையே தனித்தனி வீடுகளாக மாற்றினார்கள்.

அதனால் 'ஆதரவு' வேண்டாம், 'துணை' என்கிறேன். வழித்துணை, பேச்சுத்துணை என்றெல்லாம் சொல்கிறோமே, அந்தத் துணை.

'நிரந்தர' என்பதன் பொருள் கெடு இல்லை என்பதுதான். அமெரிக்காவில் இடைக்கால வீட்டுக்கு 24 மாதம் வரை என்று வரம்பு உண்டு, இதற்கு இல்லை. 'காலவரையற்ற' பொருந்தும், ஆனால் வேலைநிறுத்தம் ஞாபகம் வருகிறது! என் முன்மொழிவு: துணைசேர் நிலைவீடு.

'நெடுங்கால' மட்டும் ஒத்துவராது. அமெரிக்க வரையறையில் உடல் அல்லது மனக் குறைபாட்டோடு, தொடர்ந்து 12 மாதம் வீடின்றி இருக்க வேண்டும். அல்லது 3 ஆண்டில் நான்கு முறையாவது வீடிழந்து, எல்லாம் சேர்ந்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். போய்ப் போய்த் திரும்பும் இருமலை 'நாட்பட்ட இருமல்' என்கிறோம். இங்கும் 'நாட்பட்ட வீடின்மை'. நோய்ச்சொல்தான், ஆனாலும் கச்சிதம்.

---

அம்மா, வணக்கம்.

'துணைசேர்', 'நாட்பட்ட' இரண்டுக்கும் சரி. 'நிலைவீடு' என்றால் சொந்த வீடே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். வாடகை உண்டே, பெரும்பாலும் வருமானத்தில் 30 விழுக்காடு வரை. "எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு வாடகைக்காரரும் கூச்சமில்லாமல் பதில் சொல்லலாம். எனவே துணைசேர் நிலைக்குடியிருப்பு. கொஞ்சம் நீளம்தான். 'துணைக்குடியிருப்பு' என்று சுருக்கினால் பக்கத்தில் இன்னொரு கட்டடம் என்று ஆகிவிடும், அதனால் சுருக்கவில்லை.

அக்காவிடம் இதையும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.