உருளைக்கிழங்கும் டயாலிசிஸும்: அனுபவப் பகிர்வு

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இயந்திரம் ரத்தத்தைக் காப்பி டிகாக்‌ஷன்போல வடிகட்டுகிறது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் டெக்னீஷியன் தம்பி புதிய டயாலைசர் ஒன்றைக் கையில் கொடுத்தார். கனமே இல்லாத பிளாஸ்டிக் உருளை. உள்ளே வெள்ளை நூல்கட்டுப்போல் ஆயிரக்கணக்கான மெல்லிய குழல்கள். குழல்களுக்குள் ரத்தம் ஓடும், வெளியே எதிர்த்திசையில் ஒரு திரவம் ஓடும்.

"அக்கா, அந்தத் திரவத்தில் யூரியா என்ற கழிவு துளியும் கிடையாது. அதனால் ரத்தத்தில் இருப்பது தானாக அந்தப் பக்கம் போய்விடும். சோடியம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, பெரிதாக நகராது. பொட்டாசியம் அங்கே குறைவு, வெளியேறும். பைகார்பனேட் அங்கே கூடுதல், உள்ளே வரும்" என்றார்.

பள்ளியில் பரவல் என்று படித்து மறந்ததுதான். ஆனால் எதை எடுக்கக் கூடாது என்பதையும் திரவத்தைக் கலக்கும்போதே முடிவுசெய்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் புதிது. (தேங்கிய நீரை மட்டும் அழுத்தம் கொடுத்து இழுக்கிறார்களாம். டிகாக்‌ஷன் உவமை முழுத் தவறும் இல்லை.)

முதல் நாள் இரண்டு மணி நேரத்திலேயே நிறுத்தியபோது நர்ஸிடம் சண்டைக்கே போனேன். யூரியாவை ரத்தத்திலிருந்து சட்டென்று எடுத்துவிட்டால், மூளைச் செல்களில் இருப்பது அதே வேகத்தில் வெளியே வராது. அப்போது நீர் செல்களுக்குள் புகுந்து மூளை வீங்கும் என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் வாயை மூடினேன்.

இப்போது பெரும்பாடு பொட்டாசியம். இளநீர் கூடவே கூடாது. உருளைக்கிழங்கை நறுக்கி இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்துச் சமைக்கிறேன். ரத்தத்தில் அதன் அளவு இறங்கவே மாட்டேன் என்கிறது.

மறுமொழி 1

உப்புப் போட்ட வடுமாங்காய் சுருங்குவதும் இதே கணக்குத்தானா?

மறுமொழி 2

மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். வடுமாங்காயில் முக்கியமாக நகர்வது நீர். அது சவ்வூடு பரவல். ரியோ என்ற செடியின் ஊதா இலையை உப்புக்கரைசலில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஊதா நிறம் செல் சுவரை விட்டு விலகி நடுவில் சுருண்டு நிற்கும். உடனே நல்ல தண்ணீர் விட்டால் மறுபடி விரியும். ஒரு மாணவன் ஸ்லைடை மறந்து அடுத்த பிரிவேளைவரை விட்டுவிட்டான். எவ்வளவு தண்ணீர் விட்டும் அது விரியவில்லை.

உருளைக்கிழங்கு விஷயத்துக்கு வருகிறேன். உயிருள்ள செல் பொட்டாசியத்தை உள்ளே குவித்து வைத்துக்கொள்ளும். நம் உடலிலும் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்குள்தான் இருக்கிறது. பச்சைக்கிழங்கை ஊறவைத்தால் வெட்டுப்பட்ட செல்களில் இருப்பது மட்டும் எளிதில் கரையும், மற்றவை விடாது. கொதிக்கவைத்தால் சவ்வு சிதைந்துவிடும், பிறகு பொட்டாசியத்தைத் தடுக்க ஆளில்லை. பீட்ரூட் துண்டுகளைக் கழுவிப் பாதியைக் குளிர்ந்த நீரிலும் பாதியைக் கொதிநீரிலும் போட்டுப் பாருங்கள், கண்ணெதிரே தெரியும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். எதற்கும் டயட்டீஷியனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பதிவர்

டயட்டீஷியனும் அதையேதான் சொன்னார். பீட்ரூட்டையும் போட்டுப் பார்த்தேன். கொதிநீர் ரத்தச் சிவப்பு, மற்றது லேசான ரோஜா நிறம். இன்று கிழங்கை இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடித்துப் பொரியல் செய்தேன். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "இதற்குப் பெயர் என்னம்மா?" என்று கேட்டார்.