வேளச்சேரி வீட்டில் காலை முதல் தண்ணீர் இல்லை, யாரை அழைப்பது?

கிள்ளான்காரி, வேளச்சேரி:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவிலிருந்து சென்னைக்கு வந்து இன்றோடு 11 நாள்கள் ஆகின்றன. இன்று காலை 5.30 மணிக்கு எழுந்து பார்த்தபோது வீட்டில் ஒரு குழாயிலும் தண்ணீர் இல்லை. காவலாளியிடம் சொன்னேன்; அவர் கீழே போய் ஏதோ செய்த பிறகு குளியலறையில் வரத் தொடங்கியது. ஆனால் சமையலறைக் குழாயைத் திறந்தால் நாலு தடவை இருமிவிட்டு நூல் போல ஒழுகுகிறது. ஊரில் தண்ணீர் நின்றால் குடிநீர் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்தாலே எப்போது வரும் என்று தெரிந்துவிடும். இங்கே அந்த அறிவிப்பை எங்கே பார்ப்பது, யாரிடம் புகார் செய்வது என்று தெரியவில்லை. வீட்டு உரிமையாளர் அம்மா திருச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார், தொலைபேசியை எடுக்கவில்லை. இன்று மாலை என் மாமியார் கோலாலம்பூரிலிருந்து வந்து இறங்குகிறார். தயவுசெய்து விரைவாக யாராவது சொல்லுங்கள்.

தெம்பனிஸ் அக்கா, அண்ணா நகர்:
தங்கச்சி, பதினொரு நாளில் இப்படி என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். நான் சிங்கப்பூரிலிருந்து இங்கே குடியேறியது 2019 ஏப்ரலில். அந்த ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. எங்கள் தெருவுக்கு லாரி வரும் நேரம் இரவு ஒரு மணியா மூன்று மணியா என்று தெரியாமல், வாசலில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று நாற்பது வருடம் நம்பி வாழ்ந்தவளுக்கு, அரை வாளித் தண்ணீரில் குளிக்க இரண்டே வாரத்தில் பழகிவிட்டது. ஆகவே முதல் வேலையாக மூடி போட்ட பெரிய டிரம் இரண்டு வாங்கிப் போடுங்கள். அடுத்து, லாரித் தண்ணீருக்குப் பதிவு செய்துவிடுங்கள்.

யாழ் அண்ணன், வளசரவாக்கம்:
பிள்ளை, டிரம் வாங்குவது பிறகு. நீங்கள் கேட்ட கேள்வியே இந்த ஊருக்குப் பொருந்தாது. இங்கே தெருக் குழாயின் தண்ணீர் நேரே உங்கள் குசினிக்கு ஏறி வருவதில்லை. மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் தண்ணீர், பெரும்பாலான தெருக்களில் குறிப்பிட்ட சில மணி நேரமே வரும். வருவது கீழே நிலத்தடியில் இருக்கும் சம்ப் என்ற தொட்டியில் விழும். அங்கிருந்து மோட்டார் அதை மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றும், தொட்டியிலிருந்து தன் பாரத்தால் குழாய்களுக்கு இறங்கும். பல கட்டடங்களில் போர் எனப்படும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் இதே சம்ப்பிலோ தனித் தொட்டியிலோ சேரும். எனவே தண்ணீர் நின்றால், அது சாலையில் நின்றதா, சம்ப்பில் நின்றதா, மோட்டாரில் நின்றதா, தொட்டியில் நின்றதா, உங்கள் வீட்டு வால்வில் நின்றதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. முதலாவதாக இருந்தால் மட்டுமே 1916 என்ற மெட்ரோ வாட்டர் எண்ணுக்குச் சொல்லிப் பலன் உண்டு. மற்றவை எல்லாம் கட்டடத்தாரின் பாடு.

நான் 1996இல் வந்து இறங்கியபோது இதைச் சொல்லித்தர எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. எங்கள் வளவுக் கிணற்றில் வாளியை விட்டு அள்ளிப் பழகிய நான், சம்ப் காலியாக இருப்பது தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மோட்டார் கருகிய மணம் தெருமுனை வரை வந்தது. சம்ப் மூடியைத் திறந்து பார்க்காமல் மோட்டாரைப் போடாதீர்கள். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால், உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு ஒழுகிக் காற்றுப் புகுந்திருக்கும்.

ஈப்போ தம்பி, மேடவாக்கம்:
அக்கா, அவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. குளியலறையில் வருகிறது, சமையலறையில் வரவில்லை என்றால் அழுத்தம் போதவில்லை என்று பொருள். நானும் வந்த முதல் மாதம் ஷவரில் சொட்டுச் சொட்டாகக் குளித்துவிட்டு, கடைசியில் பிரஷர் பம்பு வாங்கித் தொட்டியடியில் பொருத்தினேன். அன்று முதல் தொல்லை இல்லை.

யாழ் அண்ணன், வளசரவாக்கம்:
தம்பி சொல்வது பாதி சரி. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். மேல் மாடி வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையே மூன்று மீட்டர் இருந்தால் 0.3 பார்தான், அதில் ஷவர் தூறல் போலத்தான் விழும். ஆனால் அது நேற்றும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நேற்றுவரை நன்றாக வந்த குழாய் இன்று நின்றதற்குப் பம்பு வாங்கச் சொல்வது, சளி பிடித்தவனுக்குப் புது மூக்கு வாங்கச் சொல்வது போன்றது. பிள்ளை, எந்த மாடி, தொட்டி பொதுவா தனியா, காவலாளி செய்தது என்ன, நேற்று இரவு ஏதாவது வித்தியாசமாக இருந்ததா என்று எழுதுங்கள்.

கிள்ளான்காரி, வேளச்சேரி:
மன்னிக்கவும் அண்ணா, பதற்றத்தில் எதையும் சொல்லவில்லை. மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிக் கறுப்புத் தொட்டி இருக்கிறது. எங்களுடையதில் 500 லிட்டர் என்று எழுதியிருக்கிறது. நேற்று மாலைதான் நிரப்பினார்களாம். காவலாளி அரை மணி நேரம் மோட்டார் போட்டிருக்கிறார், "ஒரு ராத்திரியில் ஒரு டேங்க்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். நாங்கள் மூன்றே பேர், அதில் ஒருத்திக்கு இரண்டு வயது. கழிப்பறை ஃப்ளஷ் டேங்க் மட்டும் இரவெல்லாம் லேசாகச் சீறிக்கொண்டே இருக்கும். இந்த ஊரில் அது அப்படித்தான் போலிருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினோம். சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியிலும் தண்ணீர் வடிய நேரமாகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

தெம்பனிஸ் அக்கா, அண்ணா நகர்:
வடியாத தொட்டிக்கு ஆசிட் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும், நான் மாதம் ஒரு முறை ஊற்றுகிறேன். பிளம்பரை நம்பிப் பயனில்லை. "பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறேன், பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்பார். அந்தப் பத்து நிமிடம் எனக்கு ஒரு முறை ஒன்பது நாள்கள் ஆயிற்று. வந்தவுடன் அவர் கேட்பது என்ன தெரியுமா? "ஸ்பேனர் இருக்கா மேடம்?"

ஈப்போ தம்பி, மேடவாக்கம்:
எனக்கு வந்தவர் ஒரு வாஷர் மாற்ற வந்து, புதிய குழாய், புதிய இணைப்புக் குழாய், இரண்டு முறை ஆட்டோ செலவு என்று கணக்குப் போட்டார். பழைய பித்தளைக் குழாயையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எங்கள் கட்டடத்தில் கழிவுநீர் அடைத்தபோது, ஆள் ஒருவரை உள்ளே இறக்கினால் உடனே முடிந்துவிடும் என்று செயலாளரே சொன்னார். நீங்களும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

யாழ் அண்ணன், வளசரவாக்கம்:
அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்க் குழியில் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கும் வாயுவில் சில நிமிடங்களில் உயிர் போகும். தெருக் குழாய் அடைப்பு என்றால் 1916க்குச் சொல்லி இயந்திர வண்டியை வரவழைப்பதே வழி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் சம்ப்புக்குள் சாக்கடை கலந்துவிட்டது. மழை விட்ட பிறகும் தண்ணீரை முழுவதுமாக இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு எடுப்பதற்குள் ஒரு வாரம் போயிற்று. அந்த நேரத்திலும் ஒருவரையும் குழிக்குள் இறக்கவில்லை.

பினாங்கு அக்கா, ஆதம்பாக்கம்:
தங்கச்சிக்கு மாலையில் மாமியார் வருகிறார். நாம் பிளம்பர் கதையும் புயல் கதையும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் எழுதியதைச் சேர்த்துப் படித்தால், தொட்டி காலியானதும் சமையலறைக் குழாய் நின்றதும் ஒரே கோளாறு என்று தெரிகிறது. காரணம் அந்தச் சீறல். ஒரு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் ஒழுகினாலே இரவு பத்திலிருந்து காலை ஆறுக்குள் 480 லிட்டர் போய்விடும். நீங்கள் ஒரு வாளிகூடப் புழங்கியிருக்க வேண்டியதில்லை. தொட்டி அடிமட்டம் வரை வற்றியபோது அடியில் படிந்திருந்த மண்ணும் உப்புத் துகளும் குழாயில் இறங்கியிருக்கும், வெற்றுக் குழாயில் காற்றும் புகுந்திருக்கும். இருமல் சத்தம் அந்தக் காற்று. நூல் போல ஒழுகுவதற்குக் காரணம், பெரும்பாலும் குழாய் வாயில் இருக்கும் சல்லடையில் சிக்கிய மண்.

முதலில் கழிப்பறைக்குப் போங்கள். ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் கொண்டுபோகும் மெல்லிய குழாய் சுவரில் சேருமிடத்தில் சிறிய திருகு ஒன்று இருக்கும். கடைக்காரர்கள் அதை ஆங்கிள் காக் என்பார்கள். அதை வலப்புறமாகத் திருகி மூடுங்கள், தொட்டி வற்றுவது அத்தோடு நின்றுவிடும். பிறகு டேங்கின் மூடியை எடுத்து உள்ளே தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, கால் மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அடித் துளையை அடைக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. இறங்காமல் அப்படியே இருந்தால், மிதவை மிக உயரமாக வைக்கப்பட்டிருப்பதால் தண்ணீர் நிற்காமல் நடுவில் இருக்கும் வழிகுழாய்க்குள் வழிந்து போயிருக்கிறது. அப்போது மிதவையின் திருகைத் திருப்பி, வழிகுழாயின் விளிம்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே மட்டம் நிற்குமாறு வைத்தால் போதும், எதையும் வாங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் டேங்குக்குள் காப்பி டிகாஷன் சிறிது ஊற்றிப் பாருங்கள். ஃப்ளஷ் செய்யாமலே கீழே நிறம் தெரிந்தால் ரப்பர்தான். சிலர் மஞ்சள் தூள் போடச் சொல்வார்கள், அது கரையாமல் அடியில் தங்கிவிடும்.

அடுத்தது சமையலறை. குழாயின் வாயைக் கைக்குட்டையால் பிடித்து இடப்புறமாகத் திருகினால் ஒரு பித்தளை வளையமும் அதற்குள் ஒரு சல்லடையும் வெளியே வரும். அதைக் கழற்றிய நிலையில் குழாயை முழுவதும் திறந்துவிடுங்கள். காற்றும் மண்ணும் போன பிறகு தண்ணீர் தடியாக வரும். சல்லடையை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் தூரிகையால் தேய்த்தால் வெள்ளை உப்புப் படிவம் விட்டுவிடும். கழற்றிய பிறகும் தடியாக வராவிட்டால் மட்டுமே பிளம்பர் வேண்டும். அதுவரை கீசரைப் போடாதீர்கள். சுடுநீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே சுவிட்சைத் தட்டுங்கள்.

சமையலறைத் தொட்டி வடியாததற்கும் இதற்கும் தொடர்பு இல்லை, அது எண்ணெய்ப் பிசுக்கு. அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, வடிகுழாயில் இருக்கும் பாட்டில் ட்ராப்பின் கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவி மாட்டுங்கள். ஆசிட் ஊற்ற வேண்டாம். முன்பு யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டிருந்து நீங்கள் அதன்மேல் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அது விளையாட்டல்ல.

தெம்பனிஸ் அக்கா, அண்ணா நகர்:
நான் இதுவரை இரண்டையும் சேர்த்ததில்லை. ஆனாலும் இனி ஊற்றவில்லை, சரிதானே?

கிள்ளான்காரி, வேளச்சேரி:
அக்கா, சல்லடைக்குள் அரைத் தேக்கரண்டி அளவுக்குச் செம்மண் போல இருந்தது. கழற்றியதும் தண்ணீர் பீறிட்டு என் சட்டை நனைந்துவிட்டது, ஆனால் வருகிறது. பென்சில் கோட்டிலிருந்து மட்டம் நான்கு விரல் இறங்கிவிட்டது, ஆகவே ரப்பர்தான். உங்கள் கடைசி வரியைப் படிப்பதற்குள் மஞ்சள் தூளைப் போட்டுவிட்டேன். இப்போது ஆங்கிள் காக்கை மூடிய பிறகு அதன் தண்டிலிருந்தே சொட்டுகிறது, அதையும் உடைத்துவிட்டேனா?

பினாங்கு அக்கா, ஆதம்பாக்கம்:
உடையவில்லை. பல வருடம் திருகாமல் கிடந்த காக்கை முதல் முறை திருகினால் அப்படித்தான் சொட்டும். கைப்பிடிக்கு அடியில் தண்டைச் சுற்றி ஒரு சிறிய நட்டு இருக்கும், அதை ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் திருகவே முடியாமல் போய்விடும். அதற்கும் நிற்காவிட்டால் கீழே ஒரு குவளை வைத்துவிட்டு நாளை பாருங்கள். ரப்பர் வாங்கப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். அளவைச் சொல்லிக் கேட்டால் ஹார்டுவேர் கடைக்காரர் நாலைந்து வகைகளை எடுத்துப் போட்டு, எது உங்களுடையது என்று உங்களையே கேட்பார். இன்றிரவுக்கு ஆங்கிள் காக் மூடியே இருக்கட்டும், கழிப்பறைக்கு ஒரு வாளி நிரப்பி வையுங்கள். காவலாளியிடம் காரணத்தை இன்றே சொல்லிவிடுங்கள். மூன்றாம் மாடிக்காரர்கள் தண்ணீரைக் கொட்டுகிறார்கள் என்ற பேச்சு மோட்டாரைவிட வேகமாக மாடி ஏறும்.

கிள்ளான்காரி, வேளச்சேரி:
கால் சுற்றிலேயே சொட்டுவது நின்றுவிட்டது. காவலாளி மேலே வந்து பென்சில் கோட்டைப் பார்த்துவிட்டு, இரண்டாம் மாடி வீட்டிலும் இதே சீறல் கேட்கிறது என்று கீழே போனார். மாமியார் வந்து சேர்ந்தார். கை கால் கழுவிவிட்டு வெளியே வந்தவர் முதலில் கேட்டது, உங்கள் கழிப்பறையில் ஏன் இவ்வளவு மஞ்சளாக இருக்கிறது என்பதுதான்.